அண்ணன்மார் கதையில் ஒரு தங்கை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'வயதுக்கு வருதல்' என்ற தொடரைத் தமிழில் பெண்ணுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். பையன் வயதுக்கு வந்தான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெண் என்றால் ஊரே அறியும். தென்னங்கீற்றில் குடிசை கட்டுவார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வருவார். ஒலிபெருக்கி மூன்று தெருவுக்குக் கேட்கும்படி பாடும். பையனுக்கோ குடிசையும் இல்லை, சீரும் இல்லை. என்றோ ஒருநாள் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, 'தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்' என்று அப்பா கை ஓங்குவதை நிறுத்திக் கொள்கிறார். தான் எந்த நாளில் ஆள் ஆனோம் என்பது அவனுக்கே தெரிவதில்லை.

இப்படி நான் எண்ணிப் பார்க்கக் காரணமாக அமைந்தது ஓர் ஆங்கில இசைத்தட்டு. சென்ற பருவத்தில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர், பாடத்தினிடையே 'ராக் ஓபெரா' என்ற சொல்லை விளக்கினார். தனித்தனிப் பாட்டுகளாக இல்லாமல், ஒரு முழுக் கதையையே பாட்டுகளால் கோத்து இசைத்தட்டாக வெளியிடுவதாம். மேடை வேண்டியதில்லை, நடிகர் வேண்டியதில்லை. காதால் கேட்டே கதையைக் காணலாம். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் சொன்னது 'குவாட்ரஃபீனியா'. இங்கிலாந்தின் 'தி ஹூ' என்ற இசைக்குழு 1973ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள். பாடல்களை எழுதியவர் அக்குழுவைச் சேர்ந்த பீட் டவுன்ஷென்ட். இதே குழு 1969இல் 'டாமி' என்ற கதைப்பாட்டுத் தட்டையும் வெளியிட்டிருந்தது.

அன்றிரவே விடுதி அறையில் தோழியின் செல்பேசியில் அதைத் தேடி எடுத்தோம். ஒரு காதுக்கு ஒருத்தி என்று பங்கிட்டுக் கேட்டோம். கடலின் ஓசையோடு அது தொடங்குகிறது. வரிகள் பாதிதான் புரிந்தன. கதையை மட்டும் பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார். 1960களின் நடுவில் லண்டனில் வாழும் ஜிம்மி என்ற இளைஞன்தான் நாயகன். 'மாட்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தில் அவனும் ஒருவன். நேர்த்தியான உடை, ஸ்கூட்டர், இரவு நடனம் என்பதே அவர்கள் உலகம். பெற்றோரோடு அவனுக்கு ஒத்துப் போகவில்லை, வேலையும் நிலைக்கவில்லை. பிரைட்டன் கடற்கரைக்கு ஓடுகிறான். அங்கே அவன் தலைவனாக எண்ணி வியந்தவன், ஒரு விடுதியில் பிறர் பெட்டியைச் சுமந்து கொண்டு நிற்கிறான். கடைசியில் ஒரு படகை எடுத்துக்கொண்டு போய், கடல் நடுவே ஒரு பாறையில் மழையில் தனித்து நிற்கிறான் ஜிம்மி. அங்கே பாட்டு முடிகிறது. அதன்பின் அவன் என்ன ஆனான் என்பது கேட்பவர் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது.

மறுநாள் பேராசிரியர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் ஊரில் இப்படி ஒன்று உண்டா?" சிலர் சினிமாப் படங்களின் பெயரைச் சொன்னார்கள். எனக்கு உடுக்கை ஒலி நினைவுக்கு வந்தது.

நம் கொங்கு நாட்டில் அண்ணமார் கோயில் இல்லாத வட்டாரம் எது? பொன்னர், சங்கர் என்னும் அண்ணன் தம்பியர் இருவரும், அவர்களோடு பிறந்த அருக்காணித் தங்காளும் இங்கே தெய்வங்கள். அவர்கள் கதையை உடுக்கையடித்துப் பாடுவது பழைய வழக்கம். ஒருவர் உடுக்கையோடு முன்பாட்டுப் பாடுவார். இன்னொருவர் பின்பாட்டுப் பாடி, 'ஆமா' போட்டு, வேண்டிய இடத்தில் கேள்வியும் கேட்பார். பாட்டு கொஞ்சம், பேச்சு கொஞ்சம் என்று கதை நகரும். ஓர் இரவில் முடிகிற கதை அன்று. முழுவதும் பாடப் பல இரவுகள் ஆகும். ஓபெரா என்பதற்கு இதைவிட வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

இயற்பியல் மாணவி என்பதால் உடுக்கையைப் பற்றி ஒரு சொல். நடுவில் இடை சிறுத்த அந்த வாத்தியத்தின் இருபுறத் தோல்களையும் கயிறு இழுத்துப் பிடித்திருக்கிறது. பாடகர் அந்தக் கயிற்றைக் கையால் அழுத்தினால் தோலின் இழுவிசை கூடுகிறது. இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அதிர்வெண் உயரும் என்று நாம் ஆய்வகத்தில் சோனாமீட்டரை வைத்துக் கம்பிக்குக் கற்கும் விதி, இந்தத் தோலுக்கும் பொருந்தும். விரல் தளர்ந்தால் ஒலி தாழும். ஆகவேதான் உடுக்கை, மற்றப் பறைகளைப் போல அடிக்க மட்டும் செய்யாமல், விம்மவும் செய்கிறது. அழுகைக் கட்டங்களில் பாடகர் குரல் நின்றுவிட்டாலும் உடுக்கை நிற்பதில்லை.

இசைத்தட்டு என்று பார்த்தாலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். குவாட்ரஃபீனியா வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1965இல், கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, இந்தக் கதையை இரவிரவாகப் பாடச் செய்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. பாட்டின் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. அதற்கும் முன்பே 1971இல் கவிஞர் சக்திக்கனல் 'அண்ணன்மார் சுவாமி கதை'யை ஏட்டுச் சுவடியிலிருந்து பதிப்பித்தார். கலைஞர் மு. கருணாநிதி இதை நாவலாக எழுதினார். அது 2011இல் திரைப்படமாகவும் வந்தது. பெக் அம்மையார் பின்னாளில் இதையே 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார்.

கதை இதுதான். பாடகருக்குப் பாடகர் சில இடங்கள் மாறும், எலும்புக்கூடு மாறாது. பொன்னிவளநாட்டை ஆண்ட குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லை. தாமரை கடுந்தவம் இருந்து வரம் பெறுகிறாள். பெக் பதிவு செய்த வடிவில், பிறப்பது மூவரும் ஒரே பிரசவத்தில்; அதனால்தான் தம் நூலுக்கு 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும் பெயரை அவர் வைத்தார். ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடப் பங்காளிகள் காத்திருந்ததால், ஆண் மக்கள் இருவரும் மறைவாக எடுத்துச் செல்லப்பட்டுக் காளி கோயிலில் வளர்கிறார்கள். பெண் பிள்ளையால் யாருக்கும் ஆபத்தில்லை என்று பங்காளிகள் விட்டுவிட்டார்கள். தங்காள் பெற்றோரிடமே வளர்கிறாள்.

வரத்தோடு ஒரு கணக்கும் வந்தது. சகோதரர்களுக்கு ஆயுள் பதினாறு ஆண்டுகள்.

ஜிம்மியின் கதையையும் இந்தக் கதையையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஜிம்மிக்குத் தான் யார் என்று தெரியவில்லை. எந்தக் கூட்டத்தோடு சேர்வது என்று தேடித் தேடிக் களைக்கிறான். பொன்னருக்கும் சங்கருக்கும் அந்தத் தேடலே இல்லை. நாடு, குலம், பகை, கடமை எல்லாம் பிறக்கும்போதே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பொன்னர் பொறுமைக்கு உரியவர்; சங்கர் சினத்திற்கு உரியவர். அந்தக் குணங்களிலிருந்து ஓர் அங்குலமும் அவர்கள் நகர்வதில்லை. இருவருக்கும் மணம் நடக்கிறது. ஆனால் மனைவியரோடு அவர்கள் வாழவேயில்லை. காட்டில் கொம்பன் என்னும் பன்றியைக் கொல்கிறார்கள். தலையூர்க் காளியின் வேட்டுவர் படையோடு போரிடுகிறார்கள். பதினாறு முடிகிறது. வீரமலைக் காட்டில், வந்த காலம் தீர்ந்தது என்று உணர்ந்து, தம் வாளிலேயே தாம் விழுந்து உயிர் விடுகிறார்கள். வீரர்கள் ஆனார்கள், தெய்வங்களும் ஆனார்கள். ஆனால் வளர்ந்து ஆள் ஆனார்களா? அதற்குக் காலம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் இந்தக் கதையில் வயதுக்கு வருபவர் யார்? அருக்காணித் தங்காள்தான்.

அவளைப் பற்றி ஊரில் பேசும்போது கிளிக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். தங்காள் ஒரு சோடிக் கிளிக்கு ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குப் போய் ஆண் கிளியை மட்டும் பிடித்து வருகிறார்கள். பிரிந்த பெண் கிளி போய் வேட்டுவரிடம் முறையிடப் பகை மூள்கிறது. எங்கள் அப்பாரு கதை கேட்டுவிட்டு வரும் இரவுகளில், "ஒரு கிளிக்காக ஒரு நாடே போச்சு கண்ணு" என்பார். கதையில் பங்காளிச் சண்டை உண்டு, நிலச் சண்டை உண்டு, தெய்வங்களின் சூழ்ச்சியும் உண்டு. அத்தனையும் இருக்க, பழி மட்டும் ஒரு சிறுமியின் ஆசையின் மேல் எப்படி விழுந்தது? இதே கதையை வேட்டுவர் பக்கம் நின்று கேட்டால், நியாயமே வேறு விதமாக ஒலிக்கும் அல்லவா? காடு அவர்களுடையது, கிளியும் அந்தக் காட்டினுடையது.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் அண்ணன்மார் இருவர். சோமனூர்ப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார்கள். இருவருமே பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். பதினாறு வயதில் பெரியவர் போனார். இரண்டு ஆண்டு கழித்து, அதே பதினாறில் சின்னவரும் போனார். யாரும் அதைச் சடங்காகச் செய்யவில்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்றுதான் அவர்கள் வயதுக்கு வந்த நாள் என்று இப்போது எனக்குப் படுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நான் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, பெரியவர்களிடம் தயக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை கல்லூரிப் படி மிதித்தவர் யாரும் இல்லை. விடுதிச் செலவு, பேருந்துச் செலவு, ஊர்ப் பேச்சு என்று கணக்குகள் நீண்டன. பெரிய அண்ணன் இரவு ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், "அவ படிக்கட்டுங்கப்பா. நாங்க ரெண்டு பேரு ஓட்டற தறி போதும்" என்றார். அதன்பின் யாரும் பேசவில்லை. அருக்காணித் தங்காள் கேட்டது கிளி. நான் கேட்டது இந்தக் கல்லூரி. இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அண்ணன்மாரே.

அதனால்தான் கதையின் கடைசிப் பகுதியை நான் வேறு காதோடு கேட்கிறேன். போர் முடிந்ததும் பாட்டு முடிந்ததாகப் பலர் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் தங்காளின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. நடக்கப் போவதைக் கனவில் கண்டு முன்பே எச்சரித்தவள் அவள். அண்ணன்மார் அதைப் பொருட்படுத்தாமல் போனார்கள். அவர்கள் திரும்பாதபோது, அரண்மனை வாசலைத் தாண்டி அறியாதவள், தன்னந்தனியாக வீரமலைக் காட்டுக்குள் போகிறாள். வழி கேட்டு, அழுது, தவமிருந்து, அண்ணன்மார் உடல்களைக் கண்டுபிடிக்கிறாள். தெய்வ அருளால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு பேசுகிறார்கள். ஆனால் தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மீண்டும் சாய்கிறார்கள். அவள் அவர்களைப் போக விடுகிறாள்; செய்ய வேண்டிய கடன்களைச் செய்து முடிக்கிறாள். பின்னர் அவளும் தெய்வமாகிறாள்.

கேட்டதெல்லாம் கிடைத்த சிறுமி, கேட்டாலும் கிடைக்காதது ஒன்று உண்டு என்று அறிந்து, அதன் பிறகும் செய்ய வேண்டியதைச் செய்கிறாள். வயதுக்கு வருதல் என்பதற்கு இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியவில்லை. குடிசை கட்டிச் சீர் செய்த நாளில் என் உடல்தான் வளர்ந்திருந்தது.

அவளை முழுக்க நல்லவள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சில பாடகர்கள் பாடும் வடிவில், காட்டுக்குக் கிளம்பும் முன் அவள் அண்ணியர் இருக்கும் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். மணமாகியும் கணவனோடு வாழாத அந்த இரண்டு பெண்களுக்கும் கதையில் வேறு எந்த நீதியும் கிடைப்பதில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. நாளை என் வீட்டுக்கும் அண்ணியர் வருவார்கள். அவர்களுக்கும் ஓர் ஆசை இருக்கும். அவர்களும் ஒரு கிளி கேட்பார்கள். அதைக் கேட்கும் காது எனக்கு இருக்க வேண்டும் என்பதையும் இந்தக் கதைதான் சொல்லித் தருகிறது.

பன்றி வேட்டையிலும் ஒரு சிறு பகுதி உண்டு. சங்கரின் சின்னப் பெட்டை நாய் பொன்னாச்சியை வேட்டைக்கு அழைக்காமல் எல்லாரும் போய்விடுகிறார்கள். பெரிய நாய்களாலும் வீரர்களாலும் கொம்பனை வீழ்த்த முடியவில்லை. பொன்னாச்சி வந்த பிறகே காரியம் நடக்கிறது. இந்தப் பாட்டை வழிவழியாகக் காத்தவர்கள், வீரர்களைப் புகழ்ந்துகொண்டே, விடுபட்டுப் போனவர்கள் பக்கமும் ஒரு கண் வைத்திருந்தார்கள் போலும்.

மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசி மாதத்தில் நடக்கும் பெருந்திருவிழாவையும், நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் படுகளத்தையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அருள் வந்தவர்கள் போர்க்களத்தில் வீழ்ந்தவர்களைப் போலச் சாய்வார்கள். வரிசையாகத் துணி போர்த்திக் கிடப்பார்கள். உடுக்கை மட்டும் ஒலித்துக் கொண்டிருக்கும். பிறகு தங்காளாக நிற்கும் பெண் வந்து தீர்த்தம் தெளிப்பாள். ஒவ்வொருவராக எழுவார்கள். அந்தக் களத்தில் இருக்கும் அத்தனை ஆண்களும் அந்த ஒரு பெண்ணின் கைத்தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தச் சடங்கில் வாளைவிடத் தீர்த்தச் செம்புக்கே பெருமை அதிகம்.

கதையில் அண்ணன்மார் எழுந்து மறுபடியும் சாய்ந்தார்கள். வாழ்க்கையில் அப்படியே நடக்க வேண்டும் என்று எந்த வரமும் இல்லை. சென்ற கோடை விடுமுறையில் சின்ன அண்ணனிடம் மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சொன்னேன். "இத்தனை வயசுக்கு மேல எனக்கெதுக்கு அம்மணி?" என்று சிரித்தார். வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பழைய புத்தகங்களைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் கணக்குப் புத்தகத்தில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. தறிக்குடோனுக்குப் போய் வந்த புத்தகம் அது. இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறார். பெரிய அண்ணனோ, "எனக்கு இந்தத் தறியே போதும் கண்ணு, அவனை மேலே ஏத்தி விடு" என்கிறார். அவரையும் விடுவதாக இல்லை நான்.

என் உடன் பயிலும் தோழர் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். நமக்காக எங்கோ ஒருவர் பதினாறிலோ பதினேழிலோ தம் படிப்பை நிறுத்தியிருப்பார். அவர் அண்ணனாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். அவர் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது. பட்டம் வாங்கியதோடு நம் கதை முடிந்துவிட்டது என்று நாம் எழுந்து போய்விடக் கூடாது.

இன்னொன்று. உங்கள் ஊரில் உடுக்கையடித்துக் கதை பாடும் பெரியவர் எவரேனும் இருந்தால், நம் கையில் இருக்கும் செல்பேசியைக் கொண்டே அவர் பாட்டைப் பதிவு செய்யுங்கள். 1965இல் கடல் கடந்து வந்த ஒருவர் அந்தக் காலத்துக் கருவியால் செய்ததை, இன்று நாம் இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். எங்கள் ஊரில் பல இரவுகள் நடந்த கதை இப்போது ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது. சுருங்கும்போது முதலில் உதிர்வது கடைசிப் பகுதிதான். ஆகவே பாடுபவரிடம் தங்காள் காட்டுக்குள் போகும் பகுதியையும் கேட்டு வாங்குங்கள். வரும் மாசியில் எங்கள் ஊர்ப் பாடகரிடம் நான் கேட்கப் போவதும் அதைத்தான்.